தொண்ணூற்றாறைத் தாண்டாத நெஞ்சு

அத்தியாயம் 14

மகள் ஜெயித்துவிட்டாள். போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் வரலை, வேணும்னா நீ அந்த ஓடுற மிஷின்ல ஏறி ஓடு" என்று அடம்பிடித்த டெய்லரக்காவை, இன்று தள்ளாத குறையாக உள்ளே கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள்.

டெய்லரக்கா பயந்தது மிஷினுக்கு அல்ல. இருபத்தாறு வருடம் தையல் மிஷினை மிதித்த கால் அது. நான்கு மாதத்துக்கு முன், ஒரு பத்தொன்பதாம் தேதி காலையில், பூங்கா நடைபாதையில் அவள் கண்ணெதிரே அவள் கணவர் விழுந்தார். எழவில்லை. நகரப் பேருந்து டிரைவர், வயது ஐம்பத்திரண்டு. நடைப்பயிற்சிக்கு அவரைக் கிளப்பிக் கூட்டிப் போனவளே அவள்தான். அன்றிலிருந்து அவள் தெருமுனை வரைக்கும்கூட நடப்பதில்லை. நூல்கண்டு வேண்டுமென்றாலும் ஆட்டோதான்.

அப்படியே உட்கார்ந்திருந்தால் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சும்மா இருக்குமா? "தினமும் அரை மணி நேரம் நடந்தே ஆகணும். முதல்ல ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

டெஸ்ட் எடுக்கிற பெண் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

"இருநூத்தி இருபதுல நாப்பத்தெட்டு போனா நூத்தி எழுபத்திரெண்டு. அதுல நீங்க நடக்கும்போது..."

"நூத்திப் பத்துலேர்ந்து நூத்தி முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கணும்."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க நர்ஸா?"

"டெய்லர்."

அந்தக் கணக்கு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். போன வருடம் டிரைவரின் பேன்ட் இடுப்பு முப்பத்தெட்டைத் தாண்டியபோது, போனில் தேடிப் பிடித்து அளவு நோட்டில் எழுதி வைத்தது. அவர் வயதுக்கு நூற்றெட்டிலிருந்து நூற்றிருபத்தெட்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அவள் அந்தக் கட்சி. சாம்பாருக்கு உப்பைக்கூட ஸ்பூனில் நிரவிப் போடுகிறவள்.

பெண் படிவத்தைத் தொடர்ந்தாள். "மூச்சு வாங்குமா? நெஞ்சு வலி வந்திருக்கா? நாடித்துடிப்பைக் குறைக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லை. இல்லை. அப்படி ஒரு மாத்திரை இருக்கா என்ன?"

"பிரஷருக்குக் கொடுக்கிறதுல சிலது அப்படி. அதைச் சாப்பிடுறவங்களுக்கு இப்ப நீங்க சொன்ன கணக்கு சேராதும்மா. என்னதான் வேகமா நடந்தாலும் துடிப்பு ஏறாது. மாத்திரை பிடிச்சு வெச்சிருக்கும். அது தெரியாம, அட்டவணையில இருக்கிற நம்பரைப் பிடிச்சே தீருவேன்னு போனாங்கன்னா, உடம்பு தாங்குறதுக்கு மேல போயிடுவாங்க."

டெய்லரக்கா கையைத் தூக்கி அவளை நிறுத்தினாள்.

"தொண்ணூத்தாறு" என்றாள்.

"என்னம்மா?"

"வேர்த்து ஊத்த ஊத்த நடந்தும் தொண்ணூத்தாறைத் தாண்டலைன்னா? அம்பத்திரெண்டு வயசு ஆளு."

"தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுற ஆளா?"

"டிரைவரும்மா. ஸ்டியரிங்கை விட்டா சோபா."

"அப்போ மாத்திரையா இருக்கலாம். யாரு, உங்க வீட்டுக்காரரா? அவரைக் கூட்டிட்டு வாங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? அவளுக்கு எப்படித் தெரியும்? டெய்லரக்கா மெல்ல எழுந்து டிரெட்மில்லில் ஏறினாள். மிஷின் நகர்ந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் எண் நூற்று நாற்பதைத் தொட்டது. பெண் பதறிப் போய் மிஷினை நிறுத்தினாள்.

"அம்மா, அழுறீங்களா? அழுதுகிட்டே நடக்கக் கூடாதும்மா. இன்னைக்கு இது போதும். இன்னொரு நாள் வெச்சுக்கலாம்." ஒயர்களை எடுத்துவிட்டுத் துண்டை நீட்டினாள். "நம்பரையெல்லாம் நினைச்சுப் பயப்படாதீங்க. நடக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்களோட பேச முடியணும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும். பேச்சே வரலைன்னா நின்னுடணும். அவ்வளவுதான். இந்த அளவு எல்லாருக்கும் சேரும்."

பேச்சே வரலைன்னா நின்னுடணும்.

டிரைவர் வாயாடி. நடக்கும்போது ஒரு நிமிடம் வாய் ஓயாது. டிக்கெட் வாங்காமல் தூங்குகிற மாதிரி நடித்தவர், ஸ்டாப் தாண்டிய பிறகு மணி அடிக்கிறவர், குடையை விட்டுவிட்டு இறங்கி பஸ் பின்னாலேயே ஓடி வந்த பெரியவர் என்று தினமும் ஒரு கதை. அந்தக் கடைசி ஒரு வாரம் மட்டும் அவர் பேசவில்லை. ஏனென்றால் அவள்தான் சொன்னாள்: "வாயை மூடிட்டு நடங்க, அப்பதான் துடிப்பு ஏறும்."

வெளியே காத்திருந்த மகளிடம், "இன்னொரு நாள் வரச் சொல்லிட்டாங்க பாப்பா. நீ ஆபீஸ் போ, நான் ஆட்டோல போயிக்கிறேன்" என்றாள். மகள் நம்பிவிட்டாள். ஆட்டோவில் ஏறியதும் டெய்லரக்கா வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

குடும்பத்தில் மருந்து தெரிந்தவன் ஒருவன்தான். டிரைவரின் தம்பி. வீட்டில் அவனுக்குப் பெயரே சின்னவன். மருந்துக்கடையில் பதினைந்து வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி தவறாமல் அண்ணனைப் பார்க்க வந்துவிடுவான். பாசம் என்றுதான் நினைத்திருந்தாள்.

கடையில் நல்ல கூட்டம். சின்னவன் ஒரு சீட்டைப் பார்த்து அலமாரியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அண்ணி! டெஸ்ட் முடிஞ்சுதா? என்ன சொன்னாங்க?"

"உங்க அண்ணனுக்கு நீ என்ன மாத்திரை கொடுத்தே?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையின் விளிம்பில் வைத்தான். அது கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"அண்ணி, உள்ள வாங்க. இங்க வேண்டாம்."

"இங்கேயே சொல்லு."

"பிரஷருக்கு." குரல் தணிந்தது. "டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் அண்ணி, நானா எதுவும் கொடுக்கலை. ஆறு மாசமா சாப்பிட்டாரு. வருஷாவருஷம் எடுக்கிற மெடிக்கல்ல பிரஷர் தெரிஞ்சா வண்டியை விட்டு இறக்கி, டிப்போல பேரேடு எழுத உட்கார வெச்சுடுவாங்களாம். 'அண்ணிக்குத் தெரிஞ்சா அவளே டிப்போவுக்குப் போய்ச் சொல்லிடுவாடா'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அது உண்மைதான். அவளே போய்ச் சொல்லியிருப்பாள். முதல் பஸ்ஸிலேயே போய்ச் சொல்லியிருப்பாள்.

"நான் அவரை நடக்கக் கூட்டிட்டுப் போனேனே, அது உனக்குத் தெரியும்தானே?"

"நடக்கிறது நல்லதுதானே அண்ணி. சந்தோஷப்பட்டேன்."

"துடிப்பு எண்ணினேன். நூத்தெட்டுக்கு மேல ஏறணும்னு விரட்டினேன். ஏறலை ஏறலைன்னு அந்த மனுஷனை நாயா விரட்டினேன்."

சின்னவன் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கு அது தெரியாது. மாத்திரை அவனுக்குத் தெரியும், கணக்கு தெரியாது. அவளுக்குக் கணக்கு தெரியும், மாத்திரை தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியாதே அண்ணி... சத்தியமாத் தெரியாதே... அந்த மாத்திரையை ஆரம்பிச்சா சட்டுனு நிறுத்தக்கூடாது, நெஞ்சுக்கே ஆபத்து. அதனாலதான் ஒரு மாசம்கூடத் தவறவிடாம நானே கொண்டாந்து கொடுத்தேன். மாத்திரைப் பட்டையில தேதி எழுதிக் கொடுப்பேன். அவரு அதைக் கண்ணாடிக் கூட்டுல போட்டு, வேலைப் பையில..."

"ஒரு வார்த்தை" என்றாள் டெய்லரக்கா. குரல் உடைந்து ஏறியது. "என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சத்தியமாம் சத்தியம்! உங்க அண்ணனைக் கொன்னுட்டியேடா பாவி!"

இருமல் மருந்துக்கு வந்த ஒரு பெரியவர் கையிலிருந்த சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சின்னவனை அவனுடைய பத்தொன்பதாவது வயதிலிருந்து அவளுக்குத் தெரியும். வேலை நேர்காணலுக்குப் போக முதல் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தவள் அவள். அவனை 'டா' போட்டு அவள் கூப்பிட்டதே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய்க் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த பையை இறக்கினாள். டிப்போக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த பை. நான்கு மாதமாக யாரும் தொடவில்லை. ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், சீப்பு, பாதி தின்ற மிட்டாய்ப் பொட்டலம். அடியில் கறுப்புக் கண்ணாடிக் கூடு. கண்ணாடியை அவர் எப்போதும் சட்டைப் பையில்தான் வைப்பார். கூட்டுக்குள் இரண்டு பட்டைகள்.

துணி வெட்டும் மேசையில் இரண்டையும் வைத்தாள். பதினைந்து மாத்திரைப் பட்டைகள். இரண்டின் பின்னாலும் சின்னவனின் எழுத்தில் அந்த மாதத்து ஒன்றாம் தேதி. ஒரு பட்டையில் பதினொன்று பிரிக்கப்பட்டு நான்கு மிச்சம். இன்னொன்று பிரிக்கவே இல்லை.

ஒன்றாம் தேதியிலிருந்து தினம் ஒன்று. பதினொன்று தின்றிருக்கிறார். பதினொன்றாம் தேதி வரைக்கும். அவர் விழுந்தது பத்தொன்பதாம் தேதி.

அளவு நோட்டை எடுக்கக் கை வரவில்லை. இருந்தாலும் எடுத்தாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் போல, வீட்டுக்காரருக்கும் ஒரு பக்கம். கழுத்து, தோள், மார்பு, கை நீளம். இடுப்பு முப்பத்திரண்டு, அடித்து முப்பத்து நான்கு, அடித்து முப்பத்தாறு, அடித்து முப்பத்தெட்டு. அவர் உடம்பின் இருபத்தாறு வருடமும் அந்தப் பக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே துடிப்பு. பூங்கா விளக்குக் கம்பத்தடியில் நின்று அவர் தன் கழுத்தில் இரண்டு விரலை வைத்து எண்ணுவார்; அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடி ஆனதும் "ஸ்டாப்" என்பாள். அவர் எண்ணிச் சொல்வதை நாலால் பெருக்கி எழுதுவாள்.

எட்டாம் தேதி 96. ஒன்பது 92. பத்து 96. பதினொன்று 96.

பதினொன்றாம் தேதிதான் அவள் அதைச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னு நின்னு உங்க நெஞ்சும் டவுன் பஸ்ஸாவே ஆயிடுச்சு. எனக்காகக் கொஞ்சம் மிதிங்களேன்!" அவரும் சிரித்தார். "சரி, மிதிச்சுப் பார்க்கிறேன்" என்றார்.

பன்னிரண்டு 100. பதின்மூன்று 104. பதினான்கு 104. பதினைந்து 108. பதினாறு 112. பதினேழு 112. பதினெட்டு 116.

பதினெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். "பாஸாயிட்டேனா?" என்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "ஆயிட்டீங்க. அடுத்த பேன்ட் ஒரு இன்ச் குறைச்சுத் தைக்கலாம்" என்றாள். அவர் முகத்தில் ஒரு பெருமை. கணவனுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தோமே என்று அன்றைக்கு முழுக்க அவள் மிஷினை மிதித்துக்கொண்டே சந்தோஷப்பட்டாள்.

பத்தொன்பதுக்கு எதிரே எண் இல்லை. அன்று அவள் "ஸ்டாப்" என்று சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை.

மனுஷன் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அவள் கேட்ட எண்ணைக் கொடுப்பதற்காக, டாக்டர் கொடுத்ததை நிறுத்தியிருக்கிறார். ஊரில் ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் அளவில் அவள் வெட்டியது கிடையாது. ஒரே வயது, ஒரே உயரம் என்றாலும் டேப்பைப் போடாமல் கத்திரியை எடுக்க மாட்டாள். கட்டின கணவனுக்கு மட்டும் எவனோ போனில் போட்ட அளவை எடுத்து மாட்டிவிட்டாள். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அடக்காமல், வாய்விட்டு அழுதாள். துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் அழுத அழுகை அல்ல இது.

நாலரை மணிக்குப் போன் அடித்தது. ஓரகத்தி, சின்னவன் மனைவி.

"அக்கா, அவரு அங்க வந்தாரா? கடைலேர்ந்து பன்னெண்டு மணிக்கே கிளம்பிட்டாராம். போனை எடுக்கவே மாட்டேங்குறாரு. கடையில யாரோ வந்து சத்தம் போட்டாங்களாமே, யாருக்கா அது?"

"நான்தான்" என்றாள் டெய்லரக்கா. "நான் கூட்டிட்டு வரேன்."

அவன் எங்கே போயிருப்பான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதமாக அவள் போகாமல் தப்பித்துக்கொண்டிருந்த இடம்தான் அது. பிரிக்காத பட்டையை மட்டும் கைக்குள் மடக்கிக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோவுக்கு நிற்கவில்லை. தெருமுனை தாண்டி, பள்ளிக்கூடச் சுவர் தாண்டி, நடந்தாள். அவள் தைத்த சீருடையோடு பிள்ளைகள் எதிரே வந்தார்கள். "டெய்லரக்கா, நடக்க ஆரம்பிச்சுட்டீங்களா? நல்லது, நல்லது" என்றாள் பூக்கடைக்காரி. தலையை மட்டும் ஆட்டினாள்.

சின்னவன் பூங்காவில், அந்த விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கண் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அண்ணி, நீங்க சொன்னது சரிதான். நான்தான்..."

"உட்காருப்பா."

பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு நிலைக்கச் சற்று நேரம் ஆனது. பிறகு அவன் கையைப் பிரித்து, பட்டையை அதில் வைத்தாள்.

"இன்னொரு பட்டையில நாலு மிச்சம் இருக்கு. பன்னெண்டாம் தேதியிலேர்ந்து அவரு சாப்பிடலை. நான் துடிப்பு ஏறலைன்னு கேலி பண்ணினேன். நிறுத்திட்டாரு. நீ இல்லைப்பா. உன்னைப் போய்ச் சொன்னேன். நான்தான்."

சின்னவன் பட்டையைத் திருப்பினான். தேதியைப் பார்த்தான். மாத்திரை எண்ணியே வாழ்கிறவனுக்கு அந்தக் கணக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவன் முகம் போன போக்கைப் பார்த்தாலே புரிந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"இல்லை அண்ணி. இது... இது அதுக்கு முந்தின மாசத்துப் பட்டை. நான்தான் தேதியைத் தப்பா எழுதிட்டேன். அண்ணன் ஒரு நாள்கூட நிறுத்தலை. எனக்குத் தெரியும். இதயத்துல அடைப்பு இருந்துச்சுன்னுதானே அன்னைக்கு டாக்டர் சொன்னாரு? இதனாலதான்னு யாரும் சொல்லலையே."

"ரெண்டு பட்டையிலயும் தப்பா எழுதுவியா?"

"எழுதிட்டேன் அண்ணி. ரெண்டுலயும் தப்பா எழுதிட்டேன்."

பதினைந்து வருடத்தில் ஒரு சீட்டைக்கூடத் தப்பாகப் படிக்காதவன். பட்டையைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டு, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த சத்தியத்தை இன்று உடைத்தவன், அதற்குப் பதிலாக அண்ணிக்கு ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டெய்லரக்கா அவன் தோளில் கையை வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் கொஞ்சம் விலகி நடந்தார்கள்.

அப்போது அவள் போன் அடித்தது. மகள்.

"அம்மா, எங்க இருக்கே? வீடு திறந்து கிடக்கு. மேசையில உன் நோட்டு இருக்கு, அப்பா பக்கம். இங்க ஒரு மாத்திரைப் பட்டை இருக்கு, பின்னாடி சித்தப்பா எழுத்து." அவளும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது போனில் கேட்டது. "அம்மா... அப்பா பன்னெண்டாம் தேதியிலேர்ந்து ஏன் இதைச் சாப்பிடலை?"

டெய்லரக்கா பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்தாள். அவள் நடந்து வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. பேச வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை.